தீவின் இசைவு வருவதற்கு முன்

என் மண்டிக்கார அக்காவுக்கு, உன் டெல்லித் தம்பி எழுதுவது.

நீ போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன் மகள் செல்வி காபியை வைத்துவிட்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டாள். சர்க்கரை போடுவதில் அவள் அப்படியே நீதான். வேண்டாம் என்று சொன்னால் காதில் விழுவதில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் ஆட்டோ நுழைய முடியவில்லை. உன் தெரு முனையில் மறுபடியும் குழி தோண்டியிருக்கிறார்கள், எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. மண்டியில் உன் நாற்காலியில் செல்வி உட்காருவதில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது என் செய்தி. என்னை ஒரு நாட்டுக்குத் தூதராக நியமித்திருக்கிறார்கள். கடலுக்கு நடுவில் ஒரு சின்னத் தீவு நாடு. பெயரை எழுதவில்லை. இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர வேறு பலரும் படிக்கப் போகிறார்கள், என் வேலையில் எழுதும்போது கவனம் வேண்டும். நாளைக் காலை திருச்சியிலிருந்து கிளம்புகிறேன். நான்கு விமானம் மாற வேண்டும்.

இதை நான் உன்னிடம் நேரில் சொல்லியிருக்க முடியும். நீ வாய்விட்டுக் கேட்கவும் செய்தாய். நான் பொய் சொன்னேன். 'தம்பியை ஓரங்கட்டிவிட்டார்கள்' என்ற நினைப்போடு நீ போய்விட்டாயோ என்பதுதான் இந்த மூன்று மாதமும் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

நம்மைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாம் முசிறிக்காரர்கள். அப்பாவுக்கு ஆற்றோரம் வாழை. நீ என்னைவிட ஆறு வயது மூத்தவள். காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டி வைத்திருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாய். அத்தான் போனபிறகு மண்டியை நீயே எடுத்து முப்பது வருஷம் நடத்தினாய். நான் பரீட்சை எழுதி வெளியுறவுத் துறைக்குப் போனேன். நீ தார் பார்த்தாய், நான் கோப்பு பார்த்தேன். ஒருவர் தொழிலை மற்றவர் விசாரித்ததே இல்லை.

மண்டியைத் தவிர உனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. முசிறியிலிருந்து திருச்சி வரை நம் சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பேச்சானாலும் முதல் அடி உன்னுடையது. பெண் பார்க்கப் போவதற்கு முன்னால், ஜாதகம் கைமாறுவதற்கும் முன்னால், அந்த வீட்டில் ஒருத்தர் காதில் போட்டு வைப்பாய். 'இப்படி ஒரு இடம் இருக்கு, கேட்டா சரிப்படுமா?' அவ்வளவுதான். அவர்களுக்கு விருப்பம் என்றால் ஆள் வரும். விருப்பமில்லை என்றால் யாரும் வர மாட்டார்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கேட்டதாகவும் இருக்காது, மறுத்ததாகவும் இருக்காது. நாளைக்கு ஒரே பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அப்படிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது மூக்கை நுழைத்துக் கேட்டால், "ஒன்னும் இல்லையே" என்பாய். சொன்ன கையோடு கேட்டவருடைய தொழிலை விசாரிக்க ஆரம்பித்துவிடுவாய். பஸ் டிரைவரிடம் முசிறி ரோடு எப்படி இருக்கிறது என்பாய். வாத்தியாரிடம் இந்த வருஷம் பிள்ளைகள் எப்படி என்பாய். அவர் வந்த விஷயத்தை மறந்து, தன் பாட்டைக் கொட்டிவிட்டுப் போவார்.

அக்கா, தூதர் நியமனமும் அச்சாக இதேதான். நான் அந்தத் துறைக்குப் போன புதிதில் பயிற்சி வகுப்பில் எங்களுக்கு இந்த நடைமுறையை விளக்கியபோது உன் ஞாபகம்தான் வந்தது. இன்னாரை அனுப்பலாம் என்று டெல்லியில் முடிவெடுப்பார்கள். ஆனால் அதை அறிவிக்க மாட்டார்கள். அந்த நாட்டு அரசாங்கத்தின் காதில் ரகசியமாகப் போடுவார்கள். இந்த ஆள் வந்தால் சம்மதமா? சம்மதம் என்று பதில் வந்தால் அதற்குப் பெயர் இசைவு. வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் பதிலே வராது. சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டெல்லியில் அவர்களாகவே வேறு பெயரை அனுப்புவார்கள். அதனால்தான் இசைவு வரும்வரை பெண்டாட்டி பிள்ளையிடம்கூட மூச்சு விடக் கூடாது என்பது எழுதப்படாத கட்டளை.

போன வருஷம் நான் வெளிநாட்டிலிருந்து திரும்பியதிலிருந்து எனக்குச் சரியான வேலை தரவில்லை. அறை இருந்தது, நாற்காலி இருந்தது, கோப்புதான் வரவில்லை. நம் பெரியப்பா மகன் துரை ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டது நினைவிருக்கிறதா?

"என்னப்பா, டெல்லியில உனக்கு வெறும் நாற்காலிதான் குடுத்திருக்காங்களாமே?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் பதில் சொன்னாய். "நாற்காலி குடுத்தாப் போதும். உட்கார அவனுக்குத் தெரியும். நீ ரசத்தை ஊத்திக்க." துரை வாயை மூடிக்கொண்டான். ஆனால் வீடு திரும்பும்வரை காரில் நீ பேசவில்லை. அவன் சொன்னது உனக்குத் தைத்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு சில வாரத்தில் என் பெயர் அந்தத் தீவுக்குப் போனது. போன நேரம் சரியில்லை. அங்கே அப்போதுதான் தேர்தல் முடிந்திருந்தது. இரண்டு கட்சிக்கும் சம பலம், மந்திரிசபை அமையவில்லை. என் பெயரைப் பார்த்துச் சரி என்று சொல்ல வெளியுறவு மந்திரி என்று ஒருவர் வேண்டுமே, அவரே இல்லை. டெல்லியில் கேட்டால், "காத்திருங்கள்" என்றார்கள். காத்திருந்தபோதுதான் செல்வி போன் செய்தாள்.

மன்னார்புரம் பக்கம் அந்த மருத்துவமனையில், மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். உன் இதயம் களைத்துவிட்டது என்றார் டாக்டர். கால் வீங்கியிருந்தது. தலையை மட்டும் படிய வாரியிருந்தாய். மத்தியானச் சாப்பாடு முடிந்து செல்வி டிபன் கேரியரைக் கழுவப் போயிருந்தாள். நாம் இருவர் மட்டும் இருந்தோம்.

"ஏண்டா, உனக்கு எந்த ஊருன்னு சொல்லிட்டாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"பேச்சுக்கூட இல்லையா?"

"ஒன்னும் இல்லக்கா." என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன். "இந்த வருஷம் பூவன் வரத்து எப்படிக்கா இருக்கு?"

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு தலையணையைச் சரி செய்யச் சொன்னாய். "முசிறிப் பக்கம் காத்துல நிறைய சாஞ்சிடுச்சுடா. தொட்டியத்துத் தார்தான் வருது. அதுவும் முத்தாம வெட்டிடுறாங்க" என்று ஆரம்பித்தாய். மூச்சு வாங்கியது. நிறுத்திக்கோ என்றேன், நீ நிறுத்தவில்லை. பூவன் முடிந்து ரஸ்தாளி, அது முடிந்து மொந்தன். யார் தோட்டத்துத் தாரில் சீப்பு நெருக்கம், எந்த லாரிக்காரன் தார்ப்பாய் போடாமல் வருகிறான், எல்லாம் சொன்னாய். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீ என் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சாயங்காலம் நான் டெல்லிக்குக் கிளம்பினேன். "போயிட்டு வரேன்க்கா" என்றேன். "நல்லபடியா வா" என்றாய். நான்காம் நாள் நீ இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இலை போட்டு, முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. என் கையில் கூட்டு வாளி. சட்டைப் பையில் போன் அடித்தது. டெல்லியில் உடன் வேலை பார்ப்பவர். தீவில் மந்திரிசபை அமைந்துவிட்டதாம், முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம், இசைவு வந்துவிட்டதாம். நன்றி என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டேன். துரை இலைக்குக் கூட்டு வைத்தேன். அப்போதும் யாரிடமும் சொல்லக் கூடாது, அறிவிப்பு வரவில்லை. சொல்ல வேண்டிய ஆளும் இல்லை.

நடைமுறை, கட்டளை என்று இவ்வளவு நேரம் எழுதினேன். அந்தக் கட்டளையால்தான் உன்னிடம் மறைத்தேன் என்பது பாதி உண்மை. உன்னைவிட ரகசியம் காக்கிறவள் திருச்சி ஜில்லாவில் கிடையாது. உன் வாயிலிருந்து ஒரு சொல் கசிந்து ஒரு சம்பந்தம் கெட்டது என்று எவரும் சொல்லிவிட முடியாது. உன்னிடம் சொல்லியிருந்தால் எந்த நாட்டுக்கும் எந்தக் கெடுதலும் வந்திருக்காது. நான் பயந்தேன், அக்கா. அந்தத் தீவு என்னை வேண்டாம் என்றுவிட்டால் அதையும் உன்னிடம் சொல்ல வேண்டி வருமே என்று பயந்தேன். கையகல நாடு, அதுகூட இவனை வேண்டாம் என்றது என்று உனக்குத் தெரிவதைவிட, பேச்சே இல்லை என்று இருக்கட்டும் என நினைத்தேன். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு வெட்கம். உன்னிடமே.

அறிவிப்பு பேப்பரில் ஓரத்தில் நான்கு வரி வந்தது. டெல்லியில் கைகுலுக்கினார்கள். சிலர், நன்றாக மீன் சாப்பிட்டுவிட்டு வா என்றார்கள். பெரிய தலைநகரங்களுக்குப் போகிறவர்களைப் பார்த்து யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. இங்கே வந்தால் உன் எதிர்வீட்டு அம்மா, "தீவுக்கா போறீங்க? ஐயோ பாவம், சுத்தித் தண்ணியா இருக்குமே" என்கிறார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் அறுபது வருஷமாகக் குடியிருக்கிறார் அவர்.

அங்கே தூதருக்கு என்ன வேலை என்று நீ கேட்டிருப்பாய். நானும் போன மாதம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அலுவலகம் என்பது ஒரு வாடகை வீடு. என்னையும் சேர்த்து ஐந்து பேர். பெரிய நாட்டில் தூதர் ஒரு துணைச் செயலரைப் பார்க்க ஒரு மாதம் நடையாய் நடக்க வேண்டும். இங்கே நாட்டின் தலைவரைக் காய்கறிக் கடையில் பார்த்துவிடலாம். புயல் அடித்தால் நம் கப்பல் அரிசியும் மருந்தும் கொண்டுவரும், துறைமுகத்தில் நின்று இறக்கிக் கொடுக்க வேண்டும். அங்கே பெரிய ஆஸ்பத்திரி இல்லை. இதயத்தில் கோளாறோடு பிறந்த குழந்தைகளை இங்கே அனுப்பி வைத்தியம் பார்க்க வழி செய்ய வேண்டும். சாவு வீட்டுக்கெல்லாம் போக வேண்டும், ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் பேச்சாகிவிடுமாம். உலக நாடுகளின் சபையில் அந்தத் தீவுக்கும் ஒரு ஓட்டு, நமக்கும் ஒரே ஓட்டு. அதைக் கேட்டு வாங்குவதும் என் வேலைதான். யோசித்துப் பார்த்தால் நம் சொந்தத்தில் நீ செய்துகொண்டிருந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பெட்டியில், வேட்டி சட்டைக்கு மேலே, ஒரு நீளமான உறை இருக்கிறது. நம் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்ட நியமனப் பத்திரம். அதை அந்த நாட்டின் தலைவர் கையில் நேராகக் கொடுக்கும்வரை நான் அங்கே தூதர் கிடையாது. காரில் கொடி கட்டக் கூடாது. கூட்டங்களில் பேசக் கூடாது. சின்ன நாடு என்பதற்காக இதில் ஒரு வரிகூடக் குறைவதில்லை, பெரிய வல்லரசுக்கு எழுதுகிற அதே கடிதம்தான். அதில் வழக்கமாக ஒரு வாக்கியம் வரும். நம் சார்பில் இவர் சொல்வதையெல்லாம் முழுமையாக நம்பும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று. டெல்லியில் நகலைப் படித்தபோது அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எந்த ஊர்த் தலைவரோ என்னை நம்பப் போகிறார். நீ கேட்டபோது நான் என்ன சொன்னேன்?

நேற்றுக் காலை மண்டிக்குப் போனேன். சொல்லிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். பக்கத்து மண்டி சலீம் பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். உன்னோடு இருபது வருஷம் ஒரே சுவரைப் பங்கு போட்டவர்.

"வாங்க தம்பி. பேப்பர்ல பார்த்தோம். மாஷா அல்லாஹ். அக்காவுக்கு அப்பவே தெரியும்."

நான் நின்றுவிட்டேன். "என்ன தெரியும் பாய்?"

"நீங்க டெல்லி கிளம்பின மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தானா சிரிச்சுக்கிட்டுப் படுத்திருந்தாங்க. என்னம்மா சிரிப்புன்னேன். 'பாய், என் தம்பி பூவன் வரத்து எப்படின்னு கேட்டான்'னாங்க. இதுல சிரிக்க என்ன இருக்குன்னு நான் முழிக்கிறேன். 'முப்பது வருஷமா மண்டி பாக்குறேன், ஒரு நாள் கேட்டிருப்பானா? ஒன்னும் இல்லக்காங்கிறான், உடனே வரத்து கேக்குறான். எங்கயோ பேச்சு ஓடுது பாய். என் வித்தையை என்கிட்டயே காட்டுறான்'னாங்க."

சுமை தூக்குகிறவர்கள் தாரைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்கள். வழியில் நிற்கிறேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஏன் பாய் இத்தனை நாள் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாங்களே! 'பதில் வர்றதுக்குள்ள வெளிய தெரிஞ்சா கெட்டுடும். பேப்பர்ல வந்தப்புறம் சொல்லுங்க. அதுவரைக்கும் செல்விக்குக்கூட வேணாம்'னாங்க. பேப்பர்ல வந்தப்ப நீங்க டெல்லியில. இது போன்ல சொல்ற சேதியா தம்பி? நேர்ல வரட்டும்னு வெச்சிருந்தேன்."

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"எந்த ஊரா இருந்தாலும் சரி, அங்க வாழை உண்டான்னு விசாரிச்சு எழுதச் சொன்னாங்க. இல்லேன்னா இங்கேர்ந்து கன்னு அனுப்ப முடியுமான்னு என்னையே கேட்டாங்க. நான் எங்க போய்ச் சொல்ல?"

அழுதேன் அக்கா. உன் மண்டி வாசலில், வாழைச் சருகுக்கு நடுவில் நின்று அழுதேன். வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோதுகூட இப்படி வரவில்லை. செல்வி ஓடிவந்து, "என்ன மாமா, என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, அவளிடம் முழுவதையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்களேன்" என்று கோபித்துக்கொண்டாள். பாய் டீ வாங்கிவரச் செய்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்த ஒரு மணி நேரம், மூச்சு வாங்க வாங்க, பூவனும் ரஸ்தாளியும் மொந்தனும் நீ எதற்காகப் பேசினாய் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் மறுபடி பொய் சொல்ல வேண்டி வரக் கூடாது என்று பேச்சை நீயே இழுத்துக்கொண்டு போனாய். என் ரகசியத்தை என்னைவிட நன்றாக நீ காத்தாய். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டிருந்தால் என்ன? ஒரு சிரிப்பு, ஒரு கண் ஜாடை போதுமே. அது உன் வழக்கத்தில் இல்லை. பேச்சு ஓடும்போது கேட்கவும் கூடாது, காட்டிக்கொள்ளவும் கூடாது. ஆனாலும் அக்கா, தம்பியிடமுமா?

அந்தத் தீவில் வாழை உண்டா என்று டெல்லியில் கொடுத்த எந்தக் குறிப்பிலும் இல்லை. மீன், தேங்காய், சுற்றுலா, கடன், கடல் எல்லை எல்லாம் இருக்கிறது. உன் கேள்வியை யாரும் கேட்கவில்லை போலும்.

நான் கேட்கிறேன். பத்திரத்தைக் கொடுத்தபிறகு அந்த நாட்டுத் தலைவர் புதுத் தூதரை உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசுவது வழக்கம். எதைப் பேச வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குத் தயார் செய்திருக்கிறார்கள். அது முடிந்ததும் உங்கள் ஊரில் என்ன வாழை, எந்த மாதம் வரத்து என்று கேட்பேன். டெல்லிக்கு அறிக்கை போகும் அன்றே ஸ்ரீரங்கத்து இந்த முகவரிக்கும் ஒரு கடிதம் கிளம்பும். சீப்பு நெருக்கம், பழத்தின் தோல், வெட்டுகிற பக்குவம் எல்லாம் எழுதுவேன். செல்வி அதை மண்டியில், உன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். இந்த முறை எதையும் மறைக்க அல்ல அக்கா, தெரிந்துகொள்ளத்தான் வரத்து விசாரிப்பேன்.

ஒரே ஒரு தடவை வரத்து கேட்டு
உன்னிடம் மாட்டிக்கொண்ட
உன் தம்பி